சூளகிரி, ஆறே முக்கால்

"அடுத்த வருஷம் ரெட்டை சிலிண்டர்தான், பாரேன்."
ஹெல்மெட்டைக் கழற்றுமுன்பே
தீர்த்தகிரி ஆரம்பித்துவிட்டான்.
மாங்கூழ் ஆலைக்கு எதிரே டீக்கடை.
நான்கு வண்டிகளும் சூடு தணிகிற சத்தம்,
டிக்
டிக்.

ஒற்றையே போதும் என்கிறான் நவாஸ்.
தொப்பூர் இறக்கத்தில்
கிரானைட் லாரிக்குப் பின்னால்
இரண்டாம் கியரில் உருளும்போது தெரியும்,
யார் பிடித்து நிறுத்துவது என்று.
ஆறாவது கியர் வரும், விலை ஏறும்,
டேங்க் மட்டும் சிறுக்கும்.
மேசையில் சிந்திய டீயைத் தொட்டு
ரேடியேட்டர் வரைகிறான் லூர்து.

நான் பன்னைப் பிய்த்து நனைக்கிறேன்.
ஓசூரில் இரவு ஷிப்ட் முடித்து
நேராக வந்தவன்.
வார்ப்பு அச்சைத் திறந்து
பன்னிரண்டு நாளாக நான் எடுக்கிற கிராங்க்கேஸில்
எத்தனை துளை என்று
இந்தக் கொப்புளத்துக்குத் தெரியும்.
கைப்பேசியை கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.
வாயை நானேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"நீ என்னடா சொல்ற?"

"எது வந்தாலும்
முதல்ல செயினுக்கு எண்ணெய் உடுங்கடா."

சிரித்தார்கள்.
எழுந்துபோய்
என் பதினோரு வருஷ வண்டியை உதைத்தேன்.
மூன்றாவது உதையில் பிடித்தது.
டீக்கு இன்னும் யாரும் காசு கொடுக்கவில்லை.