ஒரு விரற்கடை

ஒன்பதுக்கு வருகிறேன் என்ற கெத்தின்
எட்டே முக்காலுக்கே வந்து நின்றான்.
மணவாழ்வில் ஒருநாளும் செய்யாத காரியம்.
அக்குளில் பழுப்புத்தாள் சுற்றிய மூட்டை:
தைத்து வந்த புதுக் கூரை, கறுப்பு.
"இருபத்துமூன்று டிகிரியாம் இன்று" என்றான்.
டோல்கெத்லியில் இப்படி நாட்கள்
வருஷத்துக்கு நாலைந்து தேறும்.
குளிரில் மாட்டினால் வெயிலில் தொய்ந்துவிடும் கூரை.
அதனால்தான் இன்றைக்கு.
அதனால் மட்டும்தான்.

பிரிந்தபோது எல்லாவற்றுக்கும் கணக்கு முடித்தோம்.
வீடு எனக்கு, படகு அவனுக்கு,
நாய் தன் முடிவைத் தானே எடுத்தது.
அறுபத்திரண்டாம் வருஷத்துப் பச்சை வண்டி மட்டும்
எந்தப் பங்கிலும் அடங்காமல்
என் கொட்டகையில்
இருவர் பெயரிலும் நிற்கிறது.

கற்பலகைச் சுவர்மேல் கூரையை விரித்தோம்,
இரண்டு மணி நேரம் வெயில் குடிக்கட்டும் என்று.
அதற்குள் எங்களுக்குப்
பேச இருந்த வானிலை தீர்ந்துபோனது.
தேநீர் போட்டேன்.
சர்க்கரையை விட்டுவிட்டானாம்.

பிறகு இரும்பு வளைவுகளை நிமிர்த்திப் போர்த்தினோம்.
நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும்;
ஓரத்தில் தொடங்கினால் சுருக்கமெல்லாம்
நடுவில் வந்து கூடும்.
எனக்குத் தெரியும்.
போன கூரையை ஓரத்தில் தொடங்கியவன் இவன்.

"இழு."
"இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்."
"உன் பக்கம் கொஞ்சம் விட்டுக்கொடு."
"விட்டால் இங்கே கோணுகிறது."
பக்கத்து வீட்டு மிஸஸ் பென்னன்ட்
துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

முன்கண்ணாடிச் சட்டத்துக்கு
ஒரு விரற்கடை எட்டவில்லை.
"தைத்தவன் தப்பு" என்றான்.
"அளவு யார் கொடுத்தது?" என்றேன்.
பதில் இல்லை. வழக்கமாக இருக்கும்.

உள்ளே தவழ்ந்து போய்
வளைவின் திருகைத் தளர்த்தி
ஒரு பல் தாழ்த்தினேன்.
எட்டியது.
சாக்குக்கட்டியில் புள்ளி வைத்தோம்.
முதல் பொத்தானுக்குத் துளை போடும்போது
இருவருமே மூச்சை அடக்கினோம்.
புதுத்துணியில் போட்ட துளை போட்டதுதான்.

பக்கத்திரைகள் பழையவை, மஞ்சளேறிய பிளாஸ்டிக்;
அதன் வழியே பார்த்தால் காதைர் இத்ரிஸ் மலையில்
எப்போதும் அக்டோபர்.
திரைக்கும் கூரைக்கும் நடுவே
இடுக்கு இருக்கிறதா என்று பார்க்க
ஒரு காகிதத்தைச் செருகி
இழுத்துப் பார்ப்பது வழக்கம்.
சட்டைப்பையில் துழாவி ஒரு சீட்டை எடுத்தான்.
செருகினேன், சாத்தினேன், இழுத்தேன்.
அசையவில்லை. நல்லது.
மேலே நீட்டிக்கொண்டிருந்த பாதியில்
அபெரிஸ்த்வித் ஆஸ்பத்திரி, வண்டி நிறுத்தக் கட்டணம்,
போன செவ்வாய், நாலு மணி நேரம்.

மிஸஸ் பென்னன்டிடம் தோட்டக் குழாயைக் கொடுத்துவிட்டு
உள்ளே போய் உட்கார்ந்தோம்.
அவன் ஸ்டியரிங்குக்குப் பின்னால், பழக்கம்.
நான் அவனுக்கு இடப்பக்கம்.
முழங்கால்கள் எங்கேயும் இடிக்காமல் இருக்க
இருவரும் முயன்றோம். அந்த வண்டியில் நடக்காது.

தண்ணீர் விழுந்தது.
தகரத்தில் விழும் சத்தமில்லை இது,
நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்பது போல ஒன்று.
புது வினைலின் வாசனை. இருட்டு.

"கண்" என்றான்.
முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.
"இடது கண். நடுவில் ஒரு கறை மாதிரி.
நாடாவில் எண் சரியாகத் தெரியவில்லை, நெரிஸ்.
யாரையும் கேட்கவும் பிடிக்கவில்லை."

மேல்தையலில் ஒரு சொட்டு திரண்டு
யோசித்து
என் முட்டியில் விழுந்தது.
பிறகு இன்னொன்று.
அவனுக்குத் தெரியாத பக்கம்.

"ஒழுகுகிறதா?" என்றான்.
"இல்லை" என்றேன்.
சொட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன்.

வெளியே தண்ணீர் நின்றது.
"போதுமா?" என்று கத்தினாள் மிஸஸ் பென்னன்ட்.
கெத்தின் திரையைத் திறக்கப் போனான்.

"பின்பக்கம் இன்னும் நனையவில்லை" என்று
நான் உள்ளிருந்தே கத்தினேன்,
"நன்றாக அடியுங்கள்."