மணிக்கட்டு

பரதராமிச் சாவடி தாண்டும்வரை
ஒரே வாக்கியத்தை மென்றுகொண்டிருந்தேன்:
நேனு குடியாத்தம் நுஞ்சி வச்சானு.
வந்தேன் என்பதற்கு அங்கே வச்சானு.
என் நாக்குக்கோ
யாரோ எதையோ எங்கேயோ
வைத்துவிட்டுப் போன மாதிரியே இருந்தது.

மடியில் மாதிரிப் பெட்டி.
அஞ்சு பிளை அட்டை,
மூணு கிலோ டின் ஆறு கொள்ளும்.
இதுக்கும் டிக்கெட் எடுத்தியாம்மா
என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.
சித்தூர் பஸ் நிலையத்தில்
ரப்பர் செருப்பைப் பைக்குள் போட்டுத்
தங்கையின் கறுப்புச் செருப்புக்கு மாறினேன்.
அரை அளவு சின்னது.

முதல் ஏழு விநாடி, என்றிருந்தார்
வேலூர்ப் பயிற்சியில் டை கட்டியவர்.
அதற்குள் உங்களை எடை போட்டுவிடுவார்கள்.
கண்ணைப் பாருங்கள்.
கையை உறுதியாகக் குலுக்குங்கள்.
முப்பது பெண்கள்
ஒருத்தி கையை ஒருத்தி குலுக்கிப் பழகினோம்.
ஊறுகாய்க்காரியின் கை சில்லென்று இருந்தது.

என் ஏழு விநாடி
கேட்டிலேயே தீர்ந்தது.
காவலாளி நோட்டைப் புரட்டி
தெலுங்கில் என்னவோ எழுதிவிட்டுப்
பேனாவை நீட்டினான்.
மரகதவல்லி என்று தமிழில் போட்டேன்.
ஆளுக்குப் பாதி புரிகிற ஒரு வரி
அந்த நோட்டில் இன்னும் இருக்கும்.

உள்ளே பெங்களூரா மாம்பழ லாரிகள்.
பதினெட்டு.
பயந்தால் எதையாவது எண்ணுவேன்.
காற்றே தித்தித்தது.
தரையெல்லாம் சாறு காய்ந்து பிசின்.
தங்கையின் இடது செருப்பு அதில் நின்றுவிட
நான் மட்டும் ஓரடி முன்னே போய்விட்டேன்.

அப்படித்தான் முதலில் பார்த்தார்
என்னை முனிகிருஷ்ணய்யா:
இடுப்பில் குழந்தைபோல் ஒரு பெட்டி,
ஒற்றைக் காலில் கொக்கு.

நேனு, என்றேன்.
நேனு குடியாத்தம், என்றேன்.
மீதி வரவில்லை.
வச்சவன் எங்கே வச்சானோ.

பாடப்படி கையை நீட்டினேன்.
அவர் கையோ முழங்கைவரை மஞ்சள்.
ஏதோ டின்னைத் திறந்து
ருசி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.
தயங்கினார்.
பிறகு விரல்களை மடக்கி
மணிக்கட்டை நீட்டினார்,
சாப்பிடும் நடுவில் விருந்தாள் வந்தால்
நீட்டுவோமே, அப்படி.

மணிக்கட்டை எப்படி உறுதியாகக் குலுக்குவது?
டை கட்டியவர் அதைச் சொல்லவில்லை.
சும்மா பிடித்துக்கொண்டேன்.
நாடி ஒன்று ஓடியது,
அவருடையதா என்னுடையதா தெரியவில்லை.

செருப்ப எடுத்துக்குங்க மொதல்ல, என்றார்
கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுக்கிற தமிழில்.
போன வாரம் வந்த பொட்டி
ஒரு மழைக்கே உக்காந்துபோச்சு.

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கவே இல்லை.
என் பெட்டியின் மூலையைப் பார்த்தார்.
கட்டைவிரலால் அழுத்தினார்.
தரையில் வைத்தார்,
வேட்டியை மடித்துக் கட்டினார்,
ஏறி நின்றார்.
தொண்ணூறு கிலோ இருப்பார்.
அட்டை முனகியது.
இரவெல்லாம் பசை தடவிய சகுந்தலாவை
மனசுக்குள் கூப்பிட்டேன்.

நின்றது பெட்டி,
நான் நின்றதைவிட ஒழுங்காக.

ரேட்டு பேசும்போது
மணிக்கட்டு எல்லாம் மறந்துபோனது இருவருக்கும்.
முப்பத்தெட்டு என்றேன்.
சிரித்தார்.
முப்பத்தைந்து ரூபாய், முந்நூறு பெட்டி,
சோதனைக்கு மட்டும்,
பணம் நாற்பது நாள் கழித்து.
உதட்டைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.
எனக்குத் தெரிந்த தெலுங்கில் அதுவும் சரிதான்.

திரும்பும் பஸ்ஸில்
பெட்டி மூலையில் கட்டைவிரல் ரேகை,
மஞ்சளாய், காய்ந்து,
ஒரு வரிகூடக் கலையாமல்.
பரதராமி வருவதற்குள்
எப்படியோ தெரிந்து எறும்புகள் வந்துவிட்டன.
தட்டிவிட மனசில்லை.
பைக்குள் பார்த்தேன்,
தங்கையின் செருப்பிலும்.