ஒப்படைத்த பொருட்கள்

சுத்தியல் ஒன்று, பிடியில் விரிசல்.
திசைகாட்டி ஒன்று.
கைலென்ஸ் ஒன்று, கறுப்புக் கயிற்றோடு.
பூட்ஸ் ஒரு ஜோடி: வரவில்லை.
அது அவர் காலில் இருந்தது.

கிடங்குப் பேரேட்டில் ஒரு மனிதரை
இப்படித்தான் முடித்துவைத்தேன்,
ஏனாஞ்சாங்கில்,
நாற்பத்தொன்று டிசம்பரில், சம்பள நாளன்று.

ஹல்மோஷ் கெலெமென்.
ஹல்மோஷ் குடும்பம், கெலெமென் ஆள்.
அந்த ஹங்கேரியிலும் நம்மைப் போலத்தான்,
தகப்பன் வழி முன்னால் வரும்.
கம்பெனி அதைத் திருப்பிப் போட்டது.
என்னை மிஸ்டர் மரியான் ஆக்கியது.
ம. சவரிராயன் உழைத்தான்,
பதினோரு வருஷம்
செத்துப்போன அப்பாவுக்குச் சம்பளம் வந்தது.

கல்லை நாக்கில் வைப்பார் கெலெமென்.
பல்லில் நறநறத்தால் மணல்,
வெண்ணெயாய் வழுக்கினால் களி.
அமெரிக்க டிரில்லர்கள் சிரிப்பார்கள்,
பஞ்சத்தில் அடிபட்டவன் என்று.
பொய்யில்லை.
முதல் சண்டை முடிந்த குளிரில்
கிழங்குத் தோல் தின்றவர்.
அவர் சுரங்கம் படித்த ஊர்
ஒரு கையெழுத்தில் வேறு நாட்டுக்குப் போயிற்று.
"கோட்டை நகர்த்தலாம், சவரி,
களிமண்ணை நகர்த்த முடியாது" என்றார் ஒருநாள்.
கொஞ்சம் யோசித்து,
"அதுவும் நகரும், மெதுவாக."

கடல் இல்லாத நாட்டுக்காரர்
மழை எட்டிப்பார்க்காத அந்தச் சுடுமேட்டில்
கடலைத்தான் தேடினார்.
முள்ளுக்குள் குனிந்து எடுத்த கல்சிப்பியை
மீன்காரியிடம் பேரம் பேசுகிறவர்போல
முகர்ந்து பார்த்தார்.

முதல் கிணறு உப்புத் தண்ணீர்.
இரண்டாவதற்கு ரங்கூனிலிருந்து தந்தி.
மூன்றாவதற்கு முளை அடித்தபோது
அவர் ஒன்பது நாளாய்ச் சவரம் செய்யவில்லை.
தலைமுறையாய்க் கையால் எண்ணெய்க்குழி தோண்டிய
பர்மாக்காரர் ஒருவர், ஊ சான் லின்,
வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடைப் பக்கம் கைகாட்டினார்.
வேறொன்றும் பேசவில்லை.
முளை அறுபது அடி தள்ளிப் போனது.
அறிக்கையில் அந்தப் பெயரையும் எழுதினார் கெலெமென்;
ரங்கூனில் யாரோ சிவப்பு மையால் அடித்தார்கள்.

இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அடியில்
சேறு கறுத்து மினுங்கியது.
எல்லோரும் கத்தினார்கள்.
அவர் ஒரு விரலால் தொட்டு
என் சட்டைப் பையில் தேய்த்தார்.
அருளாயி மூன்று முறை சோப்புப் போட்டாள்,
என்னை நாலு முறை திட்டினாள்.

பிறகு ரேடியோ சொன்னது,
ஹங்கேரி இனி எதிரி நாடாம்.
இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார்:
எண்ணெய் எங்கே இருக்கிறதென்று
யாருக்கெல்லாம் சொன்னீர்?
அவர் சுவரைக் காட்டினார்.
வரைபடம், மூலையில் கம்பெனி முத்திரை.
"சம்பளம் கொடுத்தவர்களுக்கு."

எங்கே கொண்டுபோனார்களோ.
கப்பலேற்றினார்கள் என்றான் ஒருவன்.
ஏதோ வெயில்முகாமில்
தண்ணீர்க் கிணற்றுக்கு இடம் குறித்துக் கொடுத்தார் என்றான்
இன்னொருவன். அவன் குடிகாரன்.

ஏப்ரலில் கம்பெனியே தன் கிணறுகளைக் கொன்றது.
ஜப்பான்காரன் வருமுன்
குழாய்களின் தொண்டையில் இரும்பும் சிமெண்டும்.
பட்டியலைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொன்றாய்க் கோடு இழுத்தேன்.
அவருடைய மூன்றாவதற்கும் நான்தான் இழுத்தேன்.
அன்று நடுப்பகலில் விளக்கேற்றினார்கள்;
ஐராவதி கறுப்பாய் ஓடியது.

நடந்தோம்.
பாறை மாதிரி அடைக்கும் பைகள் நாலு எடுத்திருந்தேன்,
கெட்டித் துணி,
மூன்றில் அரிசி, ஒன்றில் உப்பு.
உப்புப் பையின் சீட்டு அவர் கையெழுத்து:
1,340 அடி. சாம்பல் களி. எண்ணெய் வாசனை இல்லை.

தமு தாண்டுவதற்குள் உப்பு தீர்ந்தது.
பையை உள்வெளியாய்ப் புரட்டினேன்.
அருளாயி பார்க்காத நேரம்
தையலை நாக்கில் வைத்தேன்.

நறநறத்தது.

சீட்டைத் திருத்தப் பென்சில் இல்லை.