யாத்விகா விட்டுப்போன பதினொன்று

நவம்பர் கடைசியில் சூரியன் மலைக்குப் பின்னால் போகும்.
ஜனவரி இருபத்தைந்து வரை தலைகாட்டாது.
ஈசாஃபியோர்தூரில் இதெல்லாம் செய்தி அல்ல.
இருட்டைப் பற்றிப் புலம்புவது வெளியூர்க்காரர் வழக்கம்.

அந்த ஆண்டு மட்டும்
வலையிழுக்கும் பொறியிடம்
வலக்கை விரல் இரண்டைக் கொடுத்துவிட்டு
வீட்டில் கிடந்தேன்.
சோபாவுக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே
ஒன்பது தப்படி.
எண்ணியிருக்கிறேன்.

மாடியில் இருந்தவள் யாத்விகா,
மீன் ஆலையில் முள் எடுப்பவள்.
அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை என்று
போலந்துக்குக் கிளம்பினாள்.
கேட்கவில்லை, சொன்னாள்:
"பதினொன்று இருக்கு. தண்ணி ஊத்து."
மாட்டேன் என வாயெடுப்பதற்குள்
என் ஜன்னல் விளிம்பு நிறைந்துவிட்டது.

குளிர்பெட்டிக் கதவில்
பிழை மலிந்த ஐஸ்லாந்து மொழியில் ஒரு காகிதம்:
கள்ளியை மறந்துவிடு.
பெரணியை மறக்காதே.
ஜெரேனியத்துக்கு, மண்ணில் விரலை விட்டுப் பார்.

எந்த விரலை என்று எழுதவில்லை.

மிச்சமிருந்த ஆள்காட்டி விரலும்
மரத்துத்தான் கிடந்தது.
முதல் வாரம் எல்லா மண்ணும் ஒரே மண்.
குத்துமதிப்பாக ஊற்றினேன்.
கற்றாழை அடியில் அழுகி
சோப்புபோல் வழுக்கியது.
அதற்குப் பிறகு அவசரப்படவில்லை.
காலை ஒன்பதுக்கு அலாரம்,
ஜன்னலுக்கு வெளியே நள்ளிரவு மாதிரி,
நான் விரலைப் புதைத்து நிற்பேன்,
கிணற்றில் விழுந்த வாளியைத்
துழாவுகிறவன்போல.

டிசம்பர் பாதியில் ஒருநாள்
சில்லென்றது.
ஜெரேனியம் ஈரமாக இருந்தது.
அதை யாரிடமும் சொல்லவில்லை,
சொல்ல யார் இருந்தார்கள்.

செடிகளோடு பேசுகிற ஆள் இல்லை நான்.
கடல் வானிலை அறிக்கையைச்
சத்தமாகப் படித்தேன், அவ்வளவுதான்.
வடகிழக்குக் காற்று, நொடிக்குப் பதினெட்டு மீட்டர்.
அலை ஐந்து மீட்டர்.
இன்று யாரும் வெளியே போக வேண்டாம்.
பெகோனியா கேட்டுக்கொண்டது.

வீட்டுக்கு வந்து கைப்பயிற்சி தருபவள் பெயர் ஆல்திஸ்.
பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து தந்திருந்தாள்.
அது சோபாவுக்கு அடியில்
தூசியோடு குடித்தனம் நடத்தியது.
மூன்றாம் முறை பிடியை அளந்தவள்
கருவியைத் தட்டிப் பார்த்தாள், மறுபடி அளந்தாள்.
"பந்தா?"
"பெரணி" என்றேன்.
தினம் நூறு முறை தெளிப்பானை அமுக்குவதை
விளக்கிச் சொல்லக் கூச்சமாக இருந்தது.
ஏதோ எழுதிக்கொண்டு போனாள்.

ரத்த அழுத்தம் குறையவில்லை.
அதையும் சொல்லிவிட வேண்டும்.
மூன்று மணிக்கு விழித்துக்கொள்வதும் நிற்கவில்லை.
விழித்தால், முன்பு கூரையைப் பார்ப்பேன்,
இப்போது எழுந்து
இலைகளின் தூசியைத் துடைக்கிறேன்.

புத்தாண்டுக்கு முந்தைய நாள்
அந்தப் பெரணி செத்தது.
வெந்நீர்க் குழாயின் சூடாக இருக்கலாம்,
நானாகவும் இருக்கலாம்.
படகு உடைந்தபோதுகூட
இத்தனை ஒத்திகை பார்த்து
நான் யாருக்கும் போன் செய்ததில்லை.
யாத்விகா மறுமுனையில் மூச்சுவிட்டாள்.
"என்கிட்டயும் ரெண்டு தடவ செத்திருக்கு.
வேரை எறிஞ்சிடாத."
அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.
அன்று நாற்பது நிமிடம் பேசினோம்.

இருபத்தைந்தாம் தேதி
தெருவெல்லாம் அப்பம் சுடும் வாசனை.
மலையின் பள்ளத்தில் சூரியன்
நெற்றியை மட்டும் காட்டியது.
என் ஜன்னலுக்குக் கிடைத்த வெயில்
இரண்டு சாண்.
மூன்று தொட்டிக்குத்தான் இடம்.
ரேஷன் கடைக்காரன்போல
ஆளுக்கு ஒரு நிமிடம் என்று
மாற்றி மாற்றி வைத்தேன்.
மொட்டைத் தொட்டிக்கும் ஒரு நிமிடம்.
ஜெரேனியத்தின் இலையில்
அத்தனை மயிர் இருப்பதை
அப்போதுதான் பார்க்கிறேன்.
கடைசியில் கொஞ்சம் மீந்தது.
அதில் கையை வைத்தேன்.
தழும்பு இளஞ்சிவப்பாக இருந்தது.

பிறகு மாவு கரைத்தேன்.
முட்டை இல்லை.
எதிர்வீட்டில் கேட்கலாம் என்று கிளம்பினால்
காலணி எங்கே என்று
வீடு முழுக்கத் தேட வேண்டியிருந்தது.