பேரணாம்பட்டு, இரண்டாம் ஷெட்

காற்றடைத்ததும் கையுறை
கறக்காத மடியாய் விறைத்து நின்றது.
"இதைப் போட்டுக்கொண்டு
ஒரு பட்டனைக்கூட அமுக்க முடியாது"
என்றார் பைலட்.

பிரித்தேன்.
விரல் முதுகில் நான்கு சுருக்கம் விட்டு
உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு வார் வைத்துத் தைத்தேன்.
மடங்கியது.

அறுபத்து மூவாயிரம் அடிக்கு மேல்
உடம்புச் சூட்டிலேயே எச்சில் கொதிக்குமாம்.
மே மாதம், கரண்ட் போன மத்தியானம்.
சுலபமாக நம்பினோம்.

இப்போது அதையே
விண்வெளிக்குக் கேட்கிறார்கள்.
வெள்ளைத் துணி மேலே, ரப்பர் உள்ளே,
என் சுருக்கம் நடுவில்.
தையல் விட்டால்?
"பத்துப் பதினைந்து நொடி நினைவிருக்கும்."

ஊசியில் நூல் கோக்க
எனக்கு அவ்வளவு ஆகும்,
கண்ணாடி இல்லாவிட்டால்.

பஸ் வந்துவிட்டது என்றாள் குல்னார்.
போகச் சொல்லிவிட்டு
இடது சுண்டுவிரலை மட்டும்
மறுபடி பிரித்தேன்.