முதல் மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை
எச்சில் தொட்டு ஒட்டினேன்.
குன்னூர் தபால் நிலையத்தில் பசை டப்பா
எப்போதும்போல் காய்ந்து கிடந்தது.

கேட்டது இவ்வளவுதான்:
ஊசிமரம் டிவிஷன், ஐந்தாம் லைன் குடிநீர்த் தொட்டி.
ஓராண்டில் யார் வந்து பார்த்தார், எந்தத் தேதியில்,
குளோரின் எவ்வளவு இருந்தது,
என்ன எழுதிவிட்டுப் போனார்.
விளக்கம் கேட்கவில்லை. வருத்தமும் கேட்கவில்லை.
நகல்.

ஐந்தாம் லைனில் பதினோரு பேருக்கு மஞ்சள் காமாலை.
பன்னிரண்டாவது ஆள் என் டிரைவர் ஆபிரகாம் தங்கராசு.
எங்கள் வண்டிக்கு நைட் ஹால்ட் அங்கேதான்.
அந்தக் குழாயில் வாய் வைத்தே குடிப்பார்,
மலைத் தண்ணி, அமிர்தம்யா என்பார்.
நான் தப்பியது புத்தியால் அல்ல.
அல்சர். ஃபிளாஸ்க்கில் வெந்நீர்.

சட்டத்தில் முப்பது நாள்.
முப்பத்து நான்காம் நாள் பதில்:
‘கோரும் தகவல் பெருமளவினதாக இருப்பதால்
அலுவலக வேலை நேரத்தில் நேரில் வந்து
கோப்பினைப் பார்வையிட்டுக்கொள்ளலாம்.’
வரமாட்டான் என்று நம்பி எழுதிய வாக்கியம்.
எனக்கா தெரியாது?
‘பின்னாடி வண்டி காலியா வருது’ என்று
எத்தனை பேரை நானே இறக்கிவிட்டிருக்கிறேன்.

வார ஓய்வு நாளில் போனேன்.
காக்கி இல்லாத என்னை
எழுத்தர் சுகுணபாய்க்கு அடையாளம் தெரியவில்லை.
எட்டு நாற்பது வண்டி, மூன்றாவது ஸீட், ஜன்னல் பக்கம்;
மகளிர் கட்டணமில்லாச் சீட்டை
தினமும் நான்தான் அவருக்குக் கிழித்துக் கொடுக்கிறேன்.
தெரிந்தபின்பும் சிரிக்கவில்லை.
கோப்பை வைத்தார்.
“முதல் மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை” என்றார்.

நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
குளிரில் விரல் மரத்து
ஒரு தாளுக்கு இரண்டு தாள் புரண்டது.
ஜூனில் 0.2.
ஆகஸ்டில் 0.2.
சேறு கலந்து வந்த மாதமும் 0.2.
பம்ப் எரிந்து தண்ணீரே வராத மாதமும் 0.2.
தொட்டிக்கு மூடி உண்டா? உண்டு.
வேலி உண்டா? உண்டு.
கீழே கையெழுத்து,
பெரணிக் கொழுந்துபோல் தன்னுள்ளே சுருண்டு.

நாற்பத்தேழாம் பக்கம்.
நவம்பர் ஒன்பது. நேரில் ஆய்வு செய்யப்பட்டது.
திரும்பப் படித்தேன்.
நேரில்.

நவம்பர் எட்டு இரவு
ஏழாம் வளைவுக்கு மேலே சாலை
தேயிலைச் செடிகளோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது.
ஒன்பதாம் தேதி டிரிப் ஷீட்டில் என் கையெழுத்து:
‘மண்சரிவு. நான்கு நடை ரத்து. வசூல் இல்லை.’
அன்று ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் தூக்கி
அட்டைக்கடியோடு காட்டு வழியே
ஆறு பேர் மாற்றி மாற்றி இறக்கினார்கள்.
அவர்களுக்கு எதிரே
யாரும் ஏறி வரவில்லை.

“இந்தப் பக்கம் நகல் வேணும்.”
“ரெண்டு ரூபா. சில்லறையா இருக்கா?”
என்னிடம் கேட்கிறார்.
நாணயத்தை வைத்தேன்.
அவர் தலை நிமிராமல்
“நாப்பத்தெட்டும் எடுத்துக்கறீங்களா” என்றார்.
புரட்டினேன்.
அதே ஒன்பதாம் தேதி, ஜீப்புக்கு டீசல்,
போக வர அறுபத்திரண்டு கிலோமீட்டர்.
இன்னும் இரண்டு ரூபாய் வைத்தேன்.

மணி பார்த்தேன். ஐம்பது நிமிடம்.
பத்து நிமிடம் மிச்சம் இருந்தது;
மேசையில் கைவைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் தங்கராசு இடத்தில்
மாற்று டிரைவர், கியரோடு சண்டை போட்டுக்கொண்டு.
மூன்றாவது ஸீட்டில் சுகுணபாய்.
சீட்டைக் கிழித்து நீட்டினேன்.
மடித்துப் பர்ஸில் வைத்தபடி
வெளியே பனியைப் பார்த்துச் சொன்னார்:
“லாக் புக்கைத் தனி மனுவாக் கேளுங்க.
சேர்த்துக் கேட்டா தள்ளிடுவாங்க.”

விசில் கொடுத்தேன்.