காதுக் கணக்கு

கட்டபெட்டுக்கு மேலே இருக்கும் முகடு
யார் கட்சியும் இல்லை.
இந்தச் சரிவில் எங்கள் பனி எஃப்எம்,
அந்தச் சரிவில் சிகரம் எஃப்எம்.
சாலை வளையும் இடத்தில் இரண்டும்
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கரகரக்கும்.
பேருந்து ஓட்டுநர் தேவசகாயம்
அங்கே மட்டும் ரேடியோவைக் குறைத்து
ஹாரனைக் கூட்டுவார்.

கோயம்புத்தூரில், கண்ணாடி அறையில்,
எனக்கொரு வரைபடம் காட்டினார்கள்.
நீலகிரி அதில் தட்டையாக இருந்தது.
காலை ஆறு முதல் பத்து வரை
நாம் இரண்டாம் இடம் என்றார்கள்.
மொத்தமே இரண்டு பேர்தானே சார் என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் ராசிபலன் சொன்னார்கள்.
நாங்கள் கேரட் விலை சொன்னோம்,
மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை இவ்வளவு என்று,
லாரி ஏறும் முன்னால்.
அவர்கள் பச்சைத் தேயிலை விலையைப் பிடித்துக்கொண்டார்கள்.
கிலோவுக்கு ஐம்பது காசு ஏறிய அன்று
மலையே அந்தப் பக்கம் சாய்ந்தது.

பிறகுதான் படுக மொழி.
ஆறு முதல் ஏழு,
ஜக்கனாரை போஜன் மகள் ஹேமாவதி.
படுகர் எல்லோருக்கும் தமிழ் தெரியுமே,
தனியாக எதற்கு என்றது தலைமையகம்.
தெரியும் சார்.
எனக்கும்தான் இங்கிலீஷ் தெரியும்.
பல் வலித்தால் அதில் கத்துவதில்லை.

மூன்றாம் நாள் தொலைபேசி சூடாகிவிட்டது.
சாவுச் செய்தி, காணாமல்போன எருமை,
மகளுக்கு மார்க் குறைந்த கவலை.
ஒருவரும் பாட்டுக் கேட்கவில்லை.
உரக்கடைக்காரர் விளம்பரத்துக்குத்
தானே படியேறி வந்தார்.

நாலு மாதம்.
சிகரம் அவளுக்கு நாலாயிரம் கூட்டிக் கொடுத்தது.
அறைக்கு ஒரு ஹீட்டரும்.
ஹீட்டர் கேட்டு நான் எழுதிய கடிதம்
இன்னும் அந்தக் கண்ணாடி அறையில்
குளிரெடுக்காமல் இருக்கிறது.

அதே மணி, அதே குரல், முகட்டுக்கு அப்பால்.
நாங்கள் தேயிலைக் கழகக் குடியிருப்புகளுக்கு
ஒரு நிகழ்ச்சி வைத்தோம்.
ஹட்டனிலும் மாத்தளையிலும் பிறந்து
கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்டார்கள்.
எண்ணிக்கை கொஞ்சம் நிமிர்ந்தது.

எதிரியைக் கேட்பதும் என் வேலை.
மாடித் தண்ணீர்த் தொட்டியில் செம்புக் கம்பி கட்டினால்
என் வீட்டிலும் சிகரம் எடுக்கும்.
விடியலில் போர்வையோடு உட்கார்ந்து
நோட்டில் எழுதுவேன்:
6.10 தேயிலை விலை.
6.14 இருமல்.
6.15 வெந்நீர் குடிக்கிறாள் போல.
6.31 சிரிப்பு. காரணம் தெரியவில்லை.
6.40 விளம்பரம், அந்த உரக்கடை.

அந்த மழைக்காலத்தில் காது எண்ணும் கம்பெனி
முந்நூறு வீடுகளுக்கு டைரி கொடுத்தது.
வானொலிக்காரர் வீட்டில் கொடுக்கக் கூடாது, விதி.
வந்த பையன் கேட்டானாம்,
உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன வேலை?
பாட்டுப் போடுகிற வேலை என்றாள் பூரணி.
கல்யாண வீட்டு ஸ்பீக்கர் செட் என்று
நினைத்துக்கொண்டிருப்பான்.

எனக்கு அது தெரியாது.
கண்ணாடி அறையில்தான் தெரிந்தது.
கோத்தகிரியில் ஒரு வீடு சார்,
ஏழு நாளும் ஆறு முதல் ஏழு சிகரம்,
ஒரு நிமிடம்கூட மாறவில்லை,
இந்த மலையிலேயே இவ்வளவு விசுவாசமான நேயர் இல்லை.
இவரை எப்படி நம் பக்கம் இழுப்பது?
திரையில் அந்த டைரியின் பக்கம்.
சிகரம் என்பதில் ‘ர’வுக்கு
வால் நீட்டிப் போடுகிறவள்
எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

கேட்டதை எழுதச் சொல்லியிருந்தது,
எழுதினேன் என்றாள் பூரணி
தோசையைத் திருப்பிக்கொண்டே.
நீங்கள் கேட்டது, நான் கேட்டது என்று
தனித்தனிக் கட்டம் இல்லையே.

இன்று 5.58.
மூடுபனி தொட்டி வரைக்கும் வந்திருக்கிறது.
கம்பியைக் கொஞ்சம் கிழக்கே வளைத்தேன்.
இருமல் நின்றிருக்கிறது அவளுக்கு.
நோட்டைக் கீழேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.